படகில் இறுகிப்போன போல்ட்: எது பிடித்திருக்கிறது என்று பார்த்துக் கழற்றுவது

6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் ஒன்றை முறுக்கி முறிக்க எவ்வளவு பலம் தேவை? படகுகளில் பரவலாகப் பயன்படும் ஏ4-70 தரத்துக்குச் சர்வதேசத் தரநிலை குறிப்பிடும் குறைந்தபட்ச முறிவு முறுக்கம் 13 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமாக அழுத்தினால் அந்த அளவு வந்துவிடும். 8 மி.மீ. போல்ட்டுக்கு அது 32, 10 மி.மீ.க்கு 65. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி முக்கால் மீட்டருக்கு நீட்டிவிட்டால், ஒன்பது கிலோ அழுத்தம் 10 மி.மீ. போல்ட்டை முறிக்கப் போதும். இத்தனையும் புது போல்ட்டுக்கான கணக்கு. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் மடிப்படி மாறுகிறது. உப்பு அரித்து இடுப்புப் பகுதி பாதியாக மெலிந்த போல்ட்டில் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்குதான்.

ஆகவே படகில் கயிறு கட்டும் கிளீட்டோ, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சோ, ஓரத் தடுப்பைத் தாங்கும் ஸ்டான்ஷன் தூணின் அடித்தட்டோ கழல மறுக்கும்போது, நம் கையில் பலம் போதவில்லை என்ற நினைப்பு பெரும்பாலும் தவறு. முறிக்கத் தேவையான பலம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தெரியாமல் பலத்தைக் கொடுத்தால், பிடியை விட மெலிந்த பகுதி எதுவோ அதுதான் முதலில் போகும். பல சமயம் அது போல்ட்டின் கழுத்து. சில சமயம் திருகின் தலை. இன்னும் மோசமான சமயங்களில் அது படகின் உடம்பு. எண்ணெய் விடுவதா, அடிப்பதா, சூடாக்குவதா, வெட்டி எறிவதா என்பதெல்லாம் பிடி எது என்று கண்டுபிடித்த பிறகு வரும் கேள்விகள். இந்த வரிசையை மாற்றுவதால் வீணாகும் பொருளும் நேரமும் அதிகம். அதனால்தான் கருவிகளைப் பற்றிப் பேசும் முன் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நான்கு விதமான பிடி

முதலாவது, இறுக்கும்போது நாமே கொடுத்த பிடி. ஒரு போல்ட்டை இறுக்கும்போது செலவாகும் முறுக்கத்தில் ஏறக்குறைய பாதி, தலையின் அடிப்பரப்பு உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்குள் நடக்கும் உராய்வு. மிச்சமுள்ள பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. பொறியியல் வகுப்புகளில் சொல்லும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் கழற்றுபவருக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. மாட்டிக்கொண்டது மரைதான் என்று நாம் நினைக்கும் பல இடங்களில் உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது தலையின் அடிப்பகுதி. தலை போய்விட்டால் மீதித் தண்டு விரலுக்கே திரும்புவது இதனால்தான். பின்னால் இதைப் பயன்படுத்தப் போகிறோம்.

இரண்டாவது பிடி அரிப்பால் வருவது. படகில் பெரும்பான்மையான தொல்லை இதுதான். கடல்நீரில் எடைக்கணக்கில் சுமார் 3.5 சதவீதம் உப்பு கரைந்திருக்கிறது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டின் மேலும் அந்த நீர் படிந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடுகிறது. துத்தநாகம், அலுமினியம், இரும்பு போன்றவை கரையும் பக்கம். வெண்கலம், ஸ்டெயின்லெஸ், கிராஃபைட் போன்றவை பிழைக்கும் பக்கம்.

இந்தப் பாடத்தைக் கப்பல் உலகம் விலை கொடுத்துத்தான் கற்றது. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவிடமிருந்து காப்பதற்காக, அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் செம்புத் தகட்டால் மூடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்தபோது புழுத்தொல்லை தீர்ந்திருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. சில இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. தகட்டோடு வந்த பழுப்புக் காகிதம் அங்கே அகற்றப்படாமல், இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். பேட்டரி இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி இதன் மின்வேதிக் காரணத்தை விளக்கி, செம்பைக் காக்க வேறொரு உலோகத்தைப் பலி கொடுக்கலாம் என்று காட்டினார். இன்று புரொப்பல்லர் தண்டில் மாட்டும் துத்தநாகக் கட்டி அந்த யோசனையின் வாரிசு.

பாய்ப்படகுகளிலும் அவுட்போர்டு மோட்டார்களிலும் மிகுதியாகக் காணும் ஜோடி, அலுமினியத்தில் ஏற்றிய ஸ்டெயின்லெஸ் திருகு. கடல்நீரில் இந்த இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கும். கரைவது அலுமினியம், திருகுக்கு ஒன்றும் ஆவதில்லை. கரைந்த அலுமினியம் வெள்ளை நிற ஹைட்ராக்சைடு பொடியாக மாறும்போது, பழைய உலோகம் பிடித்த இடத்தைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கிறது. மரைகளுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது? அதனால் பொடி இறுகி, திருகை எல்லாப் பக்கமும் நெருக்குகிறது. திருகுத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதும், பக்கத்தில் பெயின்ட் கொப்புளித்திருப்பதும் இதன் அடையாளம். இரும்பில் வரும் துருவும் இதே வேலையைச் செய்யும். அதுவும் மூன்று மடங்குக்குப் பக்கத்தில் விரியக்கூடியது.

மூன்றாவது பிடி ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் ஏறும்போது வருவது. இதில் உப்புக்கோ வருடங்களுக்கோ வேலையில்லை. புதிதாக வாங்கிய ஜோடியிலும் நடக்கும். ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது அதன் மேலுள்ள, சில நானோமீட்டர் தடிமனே கொண்ட குரோமியம் ஆக்சைடு படலம். மரைகள் அழுத்தத்தோடு உரசும்போது அந்தப் படலம் கிழிந்து, உள்ளே இருக்கும் வெற்று உலோகங்கள் நேருக்கு நேர் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடம் பிய்ந்து, கட்டியாகத் திரண்டு, அடுத்த மரையைக் கிழிக்கிறது. முதலில் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்த நட் நடுவழியில் திடீரென்று கனத்து, தொட்டால் சுடுகிறது என்றால் நடந்தது இதுதான். நைலான் வளையம் உள்ள நட்டை மோட்டார் கருவியால் வேகமாக ஏற்றுவதும் இறக்குவதும் இதற்கு நேர்வழி. இந்தப் பிடிக்கு எண்ணெயும் பயன்படாது, சூடும் பயன்படாது. உள்ளே இரண்டு துண்டுகள் ஒன்றாகிவிட்டன. அங்கேயே நிறுத்தி நட்டைப் பிளப்பதுதான் வழி. இதைத் தெரிந்துகொள்ளாமல் நாள்கணக்கில் எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

நான்காவது பிடி பசை. டெக்கின், அதாவது படகின் மேல்தளத்தின், மேல் எதைப் பொருத்தினாலும் தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க அடியில் ஒரு சீலன்ட் (அடைப்புப் பசை) தடவுவார்கள். அது சாதாரண வகையாக இருந்தால் கத்தி போதும். 3எம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசையாக இருந்தால், எல்லா போல்ட்டையும் கழற்றிய பிறகும் பாகம் அசையாது. நெம்பினால் பசைக்கு முன்னால் பைபர்கிளாஸ் டெக்கின் மேல்பூச்சு பெயர்ந்து வரும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. அது பிடி அல்ல, பலவீனம். 316 என்ற ஸ்டெயின்லெஸ் வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் அது 304 என்ற சாதாரண வகையை விட உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் இரண்டுமே ஆக்சிஜன் கிடைத்தால்தான் தங்கள் காப்புப் படலத்தைப் புதுப்பித்துக்கொள்ள முடியும். டெக்குக்குள் ஈரமான மரத்திலும் பழைய சீலன்ட்டிலும் புதைந்து கிடக்கும் தண்டுக்கு அது கிடைப்பதில்லை. வெளியே தலை பளபளவென்று இருக்க, உள்ளே தண்டு அரித்து இடுப்பு மெலிந்திருக்கும். தலைக்கடியிலிருந்து பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால், அந்த போல்ட் முறியப் போகிறது என்று எண்ணியே வேலையைத் தொடங்குவது நல்லது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் வந்து சேரும் தகடுகளின் போல்ட்டுகளில் இப்படிக் கண்டால், கழற்றுவது சுலபமா கடினமா என்பதே இரண்டாம் பட்சம். அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

எண்ணெய், அடி, சூடு

அரிப்புப் பிடிதான் என்று முடிவானால், முதல் மருந்து வெந்நீர். உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்ல தண்ணீரைச் சுடவைத்து ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்து, திருகுத் தலையின் காடியிலுள்ள பெயின்ட்டையும் அழுக்கையும் கூரான ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். இது சலிப்பான வேலைதான். ஆனால் காடியின் அடியில் அரை மி.மீ. பெயின்ட் இருந்தாலும் ஸ்க்ரூடிரைவர் முழுதாக இறங்காது. தலை வழுக்குவதற்கு அதுவே போதும். அலுமினியப் பொடியைக் கொஞ்சம் கரைக்க வினிகரைச் சுடவைத்து ஊற்றுபவர்களும் உண்டு. மெதுவாகப் பலன் தரும். அப்புறம் நன்றாகக் கழுவிவிட வேண்டும். காஸ்டிக் சோடா மட்டும் கூடாது. அது பொடியோடு நிற்காமல் அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய். ஊடுருவும் எண்ணெய்கள் வேலை செய்வது நுண்துளைக் கவர்ச்சியால். மெல்லிய இடுக்கில் தானாக ஏறிக்கொண்டே போகும். அதற்கு வேண்டியது நேரம். காலையில் விட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் ஸ்பேனரை எடுத்தால் வெளி மரை மட்டும்தான் நனைந்திருக்கும். மாலை ஒருமுறை, இரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை என்று விட்டு, நடுநடுவே லேசாகத் தட்டிக்கொடுப்பதே முறை. டபிள்யூடி-40 எல்லோர் கையிலும் இருக்கிறது. அது 1953-ல் உருவாக்கப்பட்டது உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. அந்த வேலையில் அது நல்ல பொருள். இறுகிய மரைக்குள் புகுவதற்கென்றே விற்கும் எண்ணெய்கள் இந்த இடத்தில் மேல். அசிட்டோனையும் தானியங்கி கியர் எண்ணெயையும் சம அளவு கலந்து பயன்படுத்துபவர்களும் பலர். இரண்டும் சரியாகக் கலக்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், சில பிளாஸ்டிக்குகளையும் பெயின்ட்டையும் கரைக்கும். எந்த எண்ணெய் என்பதை விட, எண்ணெய் போக வேண்டிய பக்கத்திலிருந்து விடுகிறோமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செங்குத்தாக நிற்கும் திருகின் தலையைச் சுற்றிக் களிமண்ணாலோ புட்டியாலோ சின்ன வரப்புக் கட்டினால் எண்ணெய் வழிந்தோடாமல் குளமாக நிற்கும். உள்பக்கம் போக முடிகிற இடங்களில் நட்டின் பக்கமிருந்தும் விட வேண்டும்.

அடுத்தது அடி. அடியைத் திருகும் பலத்தோடு சேர்த்துப் பார்ப்பதால் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் தலையின் மேல் நேராக விழும் கூர்மையான அடி முறுக்கத்தைச் சேர்ப்பதில்லை. இறுகிய பொடி கடினமானது, அதே சமயம் நொறுங்கக்கூடியது. அதிர்ச்சியில் அது விரிசல் விடும், எண்ணெய்க்கு வழி திறக்கும். எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் கனமான சுத்தியலைப் பிடித்துத் தாங்கிக்கொண்டால் அடி முழுதும் போல்ட்டுக்குள் போகும். இல்லையென்றால் பாதி அடியை டெக் வாங்கிக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் நுனி திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இங்கே மிக நல்ல கருவி. அடி விழும் அதே கணத்தில் நுனி காடிக்குள் அழுந்தி நிற்பதால் வழுக்குவதற்கு வாய்ப்புக் குறைவு. மெல்லிய சுவர் கொண்ட அலுமினிய மாஸ்ட்டில் (பாய்மரத்தில்) மட்டும் அடியை அளந்து போட வேண்டும்.

திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு. பிறகு கழற்றும் பக்கம். அசைந்ததும் ஆசைப்பட்டு ஒரே மூச்சில் கழற்றிவிடக் கூடாது. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. உடைந்த பொடி மரையில் நகர்ந்து வெளியே வர நேரம் வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த மரையில் திரண்டு, நாம் திறந்த வழியை நாமே அடைப்போம். அலுமினியத்தில் இந்தப் பொறுமை இல்லாவிட்டால் திருகோடு சேர்ந்து மரையும் சுருளாக உரிந்து வந்துவிடும்.

கருவி பொருந்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட்டை விட ஆறு முனை சாக்கெட் தலையின் பட்டைகளை நன்றாகப் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் காடியின் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும். தேய்ந்த பிட் என்றால் புதிதாக மாற்ற வேண்டும். பிட்டின் நுனியில் எஞ்சின் வால்வு தேய்க்கும் பசையைச் சிறிது தடவினால் அதிலுள்ள மணல் போன்ற துகள்கள் பிடியைக் கூட்டும். ஒருவர் தன் உடல் எடையை ஸ்க்ரூடிரைவரின் மேல் சாய்க்க, இன்னொருவர் அதன் சதுரத் தண்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புவது பழைய முறை. இன்றும் அதற்கு இணை குறைவு.

சூட்டின் கணக்கு சுவாரசியமானது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் விரிகிறது. 316 ஸ்டெயின்லெஸ் 16. சாதாரண எஃகு 12. அலுமினியத்தில் 10 மி.மீ. துளை, அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட். இரண்டையும் 100 டிகிரி கூட்டினால் துளை போல்ட்டை விட 7 மைக்ரோமீட்டர் அதிகமாக விரியும். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அது. ஆனால் பொடிக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள ஒட்டுதலைப் பிளக்க அது போதும். எண்ணெய் நுழையவும் அது வழி. அதனால் சூடாக்க வேண்டியது சுற்றியிருக்கும் அலுமினியத்தை, போல்ட்டை அல்ல. ஒருமுறை கடுமையாகச் சூடாக்குவதை விட, மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி சூடாக்குவது அதிகம் பலன் தரும்.

எவ்வளவு வரை? மாஸ்ட் செய்யும் 6061, 6082 வகை அலுமினியங்கள் தங்கள் வலிமையைப் பெறுவதே 160 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பப் பதத்தில்தான். 200-ஐத் தாண்டினால் அந்தப் பதம் கெடத் தொடங்கும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. நிறம் மாறாமலே உருகிவிடும். 150 டிகிரியில் நிறுத்திக்கொள்வது நல்லது. பளபளப்பான அலுமினியத்தில் அகச்சிவப்பு வெப்பமானி உண்மையை விடக் குறைவாகவே காட்டும் என்பதால் அந்த இடத்தில் கறுப்பு மார்க்கரால் பூசியோ டேப் ஒட்டியோ அளக்க வேண்டும். தீச்சுடரை விட ஹீட் கன் மேல். பைபர் டெக்கில் இரண்டுமே வேண்டாம். அங்கே பிசின் 100 டிகிரிக்கும் கீழேயே இளகத் தொடங்கிவிடும். பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றைத் திருகுத் தலையின் மேல் சில நிமிடம் வைத்து எடுப்பது அங்கே போதுமான சூடு. திருகு விரிந்து, ஆறும்போது சுருங்கி, பிடியை விடும்.

எண்ணெய் ஊற்றிய இடத்தில் சுடரைக் காட்டக் கூடாது என்பது தெரிந்ததே. படகில் அதைவிடப் பெரிய கவலை, கண்ணுக்குத் தெரியாமல் அடித்தளத்தில் தங்கும் பெட்ரோல் ஆவியும் சமையல் வாயுவும்; இரண்டும் காற்றை விடக் கனமானவை, தாழ்வான இடத்தில் சேரும். பேட்டரி அறையில் ஹைட்ரஜன் மேலே சேரும். இரண்டு முனையும் அடைபட்ட குழாய்க் கம்பியைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து வெடிக்கலாம். இதையெல்லாம் சோதித்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எதையும் சூடாக்க வேண்டும்.

போல்ட்டைத் தியாகம் செய்வது

ஒரு கட்டத்துக்கு மேல், போல்ட்டைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. மாற்றக்கூடியது போல்ட், மாற்ற முடியாதது மாஸ்ட்டும் டெக்கும். இதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறோமோ அவ்வளவு குறைவாக மற்றவை சேதமாகும்.

இங்கேதான் தலையடி உராய்வைப் பற்றி முன்னால் சொன்னது கைகொடுக்கிறது. தலையின் நடுவில், தண்டின் விட்டத்தை விடச் சற்றே பெரிய பிட்டால் தலையின் உயரம் அளவுக்கு மட்டும் துளைத்தால் தலை வளையமாகக் கழன்று வரும். அதோடு இழுவிசை முழுதும் போய்விடும். மேலே உள்ள பாகத்தைத் தூக்கி எடுத்துவிடலாம். மீதமுள்ள தண்டு துருத்திக்கொண்டு நிற்கும். இப்போது எண்ணெய் நேராக மரைக்குப் போகும், சூடும் நேராகப் போகும், வைஸ் கிரிப் பிளையரால் பிடிக்கவும் இடம் இருக்கும். பெரும்பாலும் இந்த நிலையில் அது திரும்பிவிடும்.

துருத்தாமல் மட்டத்தோடு முறிந்த தண்டு என்றால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸைத் துளைப்பதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: பிட் எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இந்த உலோகம் உரசலில் தானே கடினமாகிவிடும். வேகமாகச் சுழன்று வெட்டாமல் ஒரே இடத்தில் உரசிய பிட், சில நொடிகளில் அடியில் ஒரு கண்ணாடி போன்ற கடினப் பரப்பை உருவாக்கிவிடும். அதற்கப்புறம் எந்தப் பிட்டும் அங்கே இறங்க மறுக்கும். ஆகவே மெதுவான சுழற்சி, அழுத்தமான கை, தாராளமாக வெட்டு எண்ணெய், கோபால்ட் கலந்த பிட். நடுப்புள்ளியைப் பஞ்ச்சால் ஆழமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் விலகினாலும், மென்மையான அலுமினியம் பக்கத்தில் இருப்பதால் பிட் அந்தப் பக்கம் சாய்ந்து ஓடும். இடப்பக்கம் சுழலும் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். துளைத்துக்கொண்டிருக்கும்போதே தண்டு தானாகக் கழன்று வருவதும் உண்டு.

துளையில் செருகித் திருகும் எக்ஸ்ட்ராக்டர் எனக்குப் பிடிக்காத கருவி. தலையிருந்தபோது வராத போல்ட், அதைவிட மெல்லிய ஒரு கருவிக்கு வரும் என்று எதிர்பார்க்கிறோம். கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் தண்டை உள்ளிருந்து விரித்துப் பிடியை இன்னும் இறுக்குகிறது. அது உள்ளே முறிந்தால், கடினமாக்கப்பட்ட எஃகு என்பதால் சாதாரண பிட்டுகள் அதில் இறங்கவே இறங்காது. தலை மட்டும் வழுக்கி, மரை இறுகாமலிருக்கும் திருகுக்கு அது பரவாயில்லை. அரித்து இறுகியதற்கு வேண்டாம். முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்வது அதைவிட நல்ல வழி. பிடிப்பதற்குப் புதுத் தலையும் கிடைக்கிறது, சூடும் உள்ளே போகிறது. அதற்கு முன் படகின் பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, மின்னணுக் கருவிகளையும் பிரித்துவைக்க வேண்டும். எதுவும் முடியாவிட்டால் 6 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ., 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 மி.மீ. என்று மரையின் உள்விட்டம் வரை துளைத்துவிட்டு, மிச்சச் சுருளைக் கொக்கி ஊசியால் எடுத்து, மரை வெட்டும் கருவியான டாப்பை விட்டு மரையைச் சுத்தப்படுத்தலாம். மரை போய்விட்டிருந்தால் கம்பிச்சுருள் இன்செர்ட் போட்டுக்கொள்ளலாம். அலுமினியத்தில் அது பழைய மரையை விட உறுதியாகவே நிற்கும்.

பசையில் ஒட்டிய பாகத்துக்கு இந்த எதுவும் பொருந்தாது. மெல்லிய எஃகுக் கம்பியை இரண்டு கட்டைகளில் சுற்றி, பாகத்தின் அடியில் அறுப்பதுபோல் இழுக்க வேண்டும். மிதமான சூடு பசையைத் தளர்த்தும். நெம்புகோல் கடைசி வரை வேண்டாம்.

பொறுமை மட்டும் போதாத இடங்கள்

நீர்மட்டத்துக்குக் கீழே உடம்பைத் துளைத்துப் பொருத்திய கடல்நீர் வால்வு இறுகிப்போனால், படகு தண்ணீரில் மிதக்கும்போது அதை வலுக்கட்டாயமாகத் திருப்பவே கூடாது. காரணம் பித்தளை. சாதாரண பித்தளையில் துத்தநாகம் 40 சதவீதம் வரை இருக்கலாம். கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, வடிவம் மாறாத, ஆனால் பஞ்சு போன்ற செம்பை விட்டுவைக்கும். மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதும், தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்பதும் அதற்கு அடையாளம். அப்படிப்பட்ட வால்வு கைப்பிடியின் பலத்துக்கே கழுத்தோடு முறியும். நீர்மட்டத்திலிருந்து 60 செ.மீ. ஆழத்தில் 38 மி.மீ. துளை திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். கையால் இயக்கும் பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. படகைக் கரையேற்றிய பிறகே அந்த வேலை. அதுவரை ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதற்குப் பொருந்தும் கூம்பு வடிவ மர அடைப்பான் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பாய்மரக் கம்பிகளை இறுக்கும் டர்ன்பக்கிளில் இன்னொரு விதமான ஆபத்து. கம்பி இழுவையில் இருக்கும்போது எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயனில்லை. மரை முழு பாரத்தோடு அழுந்திக்கொண்டிருக்கிறது. மாஸ்ட்டை வேறு கயிறுகளால் தாங்கிவிட்டு, இழுவையைத் தளர்த்திய பிறகே ஸ்பேனர். முழுதும் ஸ்டெயின்லெஸ்ஸால் ஆனவற்றில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை அதிகம். நடு உருளை வெண்கலமாக இருப்பவற்றில் குறைவு.

புரொப்பல்லர், தண்டின் கூம்பு முனையில் அழுந்தி நிற்பது. அந்தக் கூம்பின் சரிவு 1:10, 1:12, 1:16 என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். இவ்வளவு மெல்லிய சரிவில் உராய்வு தானாகவே பூட்டிக்கொள்ளும். தண்டின் முனையில் சுத்தியலால் அடிப்பவர்கள் மரையையும் கெடுத்து, கியர்பெட்டியின் பேரிங்கையும் கெடுக்கிறார்கள். புல்லர் கருவியால் இழுத்து, இழுவை இருக்கும்போதே புரொப்பல்லரின் குடத்தைப் பக்கவாட்டில் தட்டினால் அது பட்டென்று விடுபடும். நட்டைச் சில மரை தளர்த்தி முனையிலேயே விட்டுவைக்க மறக்கக் கூடாது. விடுபடும் புரொப்பல்லர் பாய்ந்து வரும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்த நட்தான்.

மறுபடி மாட்டும்போது

கழற்றிய பாகத்தை எப்படித் திரும்ப மாட்டுகிறோம் என்பது அடுத்து கழற்றப் போகிறவருக்கான வேலை. அலுமினியத்தில் ஏற்றும் ஸ்டெயின்லெஸ் திருகில் பட்டறையில் கிடைக்கும் செம்புக் கிரீஸைத் தடவுவது பரவலான பழக்கம். கடல்நீரில் அது தவறு. அலுமினியத்தைக் கரையவைத்துத் தான் பிழைக்கும் உலோகத்தையே நாம் மரைக்குள் நிரப்புகிறோம். கிராஃபைட் கிரீஸ் அதைவிட மோசம். உலோகத்தூள் இல்லாத, நீர் புகாமல் இடுக்கை நிறைக்கும் டெஃப்-ஜெல், டுராலாக், லானோலின் கிரீஸ் போன்றவைதான் அங்கே பொருத்தம். பாகத்தின் அடியில் நைலான் தட்டும், தலைக்கடியில் நைலான் வாஷரும் வைத்தால் இரண்டு உலோகமும் நேராகத் தொடும் பரப்பு குறையும். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏற்றும்போதும் இதே கிரீஸ் வேண்டும், கூடவே மெதுவான கை வேண்டும்.

கிரீஸ் தடவிய மரையில் உராய்வு குறைவதால், உலர்ந்த மரைக்கென்று கொடுத்த முறுக்க அளவை அப்படியே பயன்படுத்தினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதை கிரீஸின் தயாரிப்பாளர் தரும் அட்டவணை சொல்லும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, படகு கரையில் இருக்கும்போது, முக்கியமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கிவிடுவது போதும். டெக்கில் சீலன்ட்டோடு உட்கார்ந்திருப்பவற்றை மட்டும் இப்படித் தொடக்கூடாது. அவற்றைத் தளர்த்தினால் அடைப்பு உடைந்து தண்ணீர் உள்ளே இறங்கும். கடல்நீர் வால்வுகளை மாதம் ஒருமுறை மூடித் திறந்துவிட வேண்டும்.